மடுத் திருவிழா அன்று வந்த காய்ச்சல்

இன்று இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பதினோராந் திகதி, சனிக்கிழமை. நேரம் காலை பத்து மணி இருபது நிமிடம். மண்டபத்துக்குள் எண்பத்தேழு பேர். உள்ளே வருவதா வீட்டுக்குப் போவதா என்று யோசித்தபடி வாசலில் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் நால்வரையும் சேர்த்தால் தொண்ணூற்றொருவர். அழைப்பிதழில் ஒன்பது மணி என்று அச்சடித்திருக்கிறது. நான் ஒன்பதுக்கே வந்துவிட்டேன். அப்போது இங்கே நின்றவை நேற்றைய கலியாணத்துக்குக் கட்டிய வாழைமரம் இரண்டும் நானும்தான்.

அவையின் தலைமைக் கதிரையை அழகுசெய்து அமர்ந்திருக்கும், சிதறிக் கிடக்கும் எங்கள் வளாகத்தைச் சிந்தாமல் சேர்த்துப் பிடித்திருக்கும் முதல்வர், பேராசிரியர் வீரபாகு அவர்களே! கோப்புகளின் காவலராய், கையெழுத்தின் கண்டிப்பாய், காலை எட்டு மணிக்குக் கடிகாரமே பார்த்துத் தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும் உதவிப் பதிவாளர் திருமதி அமராவதி அம்மா அவர்களே! இரசாயனத் துறையின் தலைவி கலாநிதி பிரியந்தினி அவர்களே! எங்கள் நலன்புரிச் சங்கத்தின் தலைவர், என் பேச்சுக்குப் பதினைந்து நிமிடம் என்று துண்டில் எழுதி இப்போதே கையில் வைத்திருக்கும் யோகலிங்கம் அண்ணை அவர்களே! பெற்ற பிள்ளைகளோடு எங்கள் மாணவப் பிள்ளைகளையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மாரே! தளராத தோள்களின் சொந்தக்காரரான பெரியோரே! நான் திருத்திக் கொடுத்த மின்விசிறி மறுபடியும் நின்றுவிட்டது என்று கையைக் காட்டிச் சைகை செய்யும் நூலக நண்பர்களே! திங்கட்கிழமை பார்ப்போம். அனைவருக்கும் இந்தக் கேதீசனின் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, "பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியரின் தொழில் திருப்தியும் செயலாற்றலும்." தலைப்பை வாசிக்கவே எனக்கு மூச்சு வாங்குகிறது. நான் பண்டிதன் அல்லன். தொழில்நுட்ப உத்தியோகத்தன். பழுதான தராசைத் திருத்துகிறவன், புகைந்துபோன மோட்டரைப் பிரிக்கிறவன். ஓர் இயந்திரம் ஓடவில்லை என்றால் அதைப் பார்த்து, "உனக்குப் பொறுப்புணர்ச்சி போதாது" என்று நான் பேசுவதில்லை. மூடியைக் கழற்றுவேன். எங்கே சூடேறுகிறது, எங்கே இறுகியிருக்கிறது, எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது என்று தேடுவேன். ஆனால், அவையோரே, ஒரு மனிதன் ஓடவில்லை என்றால் மட்டும் நாம் என்ன செய்கிறோம்? மூடியைக் கழற்றுகிறோமா? எண்ணெய் விடுகிறோமா? இல்லை. சுற்றறிக்கை அனுப்புகிறோம்!

கைதட்டாதீர்கள். நேரம் போகிறது.

திருப்தியை அளக்கலாமா என்று கேட்டால், அளக்கப் பார்த்தார்கள். யூன் மாதத்தில் முகாமைத்துவ மாணவர்கள் வினாக்கொத்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேலையில் எவ்வளவு திருப்தி? ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடுங்கள். நல்ல பிள்ளைகள், நல்ல நோக்கம். ஆனால் யாரிடம் கேட்டார்கள்? இடம்பெயர்ந்து, மீண்டு, மறுபடி இடம்பெயர்ந்து, வாழ்நாளெல்லாம் படிவம் நிரப்பிய சனத்திடம் கேட்டார்கள். எங்கள் நாகேஸ்வரி அக்கா, அதோ மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிச் சிரிக்கிறா, நூலகத்தில் வேலை செய்கிறவா, அந்த மாணவனைப் பார்த்துக் கேட்டா:

"தம்பி, இது நிவாரணமோ, விசாரணையோ?"

"ரெண்டுமில்லை அக்கா, ஆராய்ச்சி."

"நிவாரணமெண்டா ஒண்டு போடுவம். விசாரணையெண்டா அஞ்சு போடுவம். ஆராய்ச்சியெண்டா எத்தினை போடுறது? நீரே சொல்லும்."

அவன் தாளை நீட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான். எனவே பாதிப்பேர் நிவாரணம் என்று நினைத்து ஒன்று போட்டார்கள். மீதிப்பேர் விசாரணை என்று நினைத்து ஐந்து போட்டார்கள். கூட்டிப் பிரித்தால் மூன்று. "ஊழியர்கள் நடுத்தரமான திருப்தியுடன் காணப்படுகின்றனர்" என்று அறிக்கை வந்தது. மண்டபம் முழுக்கத் தேடிப் பாருங்கள், நடுத்தரமான திருப்தியுடன் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

ஆகவே நான் புள்ளி பேசப் போவதில்லை. ஒரு மனிதரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவருக்கு நாளை மறுநாள், திங்கட்கிழமை, ஒழுக்காற்று விசாரணை. ஆறு ஆண்டுகள் தற்காலிகமாக வேலை செய்த அவருக்கு இந்த மாதம் நிரந்தர நியமனம் வர வேண்டும். விசாரணையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் அது வராது. அவர் பெயர் மரியநேசன். முள்ளிவாய்க்கால் கடற்கரைக் குடும்பம். எங்கள் இரசாயன ஆய்வுகூடத்தின் உதவியாளர்.

அதோ, மரியநேசன் அண்ணையே எழும்பி நிற்கிறார். என்ன அண்ணை?

"தம்பி, அந்தக் கதையை விடும். என்ர பாட்டை நான் பாப்பன். இறங்கும் கீழை!"

இறங்க மாட்டேன் அண்ணை. நீங்கள் இருங்கள். மஹ்றூப் நானா, அவரைப் பிடித்து இருத்துங்கள்.

"இரு மச்சான், பெடியன் நல்லாத்தானே பேசுறான். வேலை போனா ரெண்டுபேரும் சந்தையிலை கருவாட்டுக்கடை போடுவம்."

கேட்டீர்களா? இவர் மஹ்றூப் நானா. அதே ஆய்வுகூடத்தின் மற்ற உதவியாளர். முல்லைத்தீவில் வியாபாரக் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் திரும்பியவர். திரும்பி வந்தவருக்கு அளவி என்கிற கண்ணாடிக் குழாயை எப்படிக் கழுவுவது, அமிலப் போத்தலை எப்படித் தூக்குவது என்று காட்டிக் கொடுத்தவர் மரியநேசன் அண்ணை. இன்று இருவரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, ஒரே கதிரைக்குச் சண்டை பிடிக்கிறார்கள்.

எங்கள் வளாகத்தைப் பற்றி, வெளியிலிருந்து வந்த விருந்தினர்களுக்காக ஒரு வார்த்தை. இது வளைவும் வாயிலும் வைத்துக் கட்டிய வளாகமல்ல. வவுனியா நகரில் ஐந்து வாடகை வீடுகள். வரவேற்பறையில் விரிவுரை! படுக்கையறையில் நூலகம்! குசினியில் இரசாயனம்! ஆம், அம்மி இருந்த இடத்தில் அமிலம், அடுப்பு இருந்த இடத்தில் வடிநீர்க் கருவி. கட்டடம் இல்லாத இந்த வளாகத்தைக் கட்டி வைத்திருப்பது எது? சீமெந்தா? சுவரா? சுற்றுமதிலா? இல்லை. காலையில் பூட்டைத் திறந்து மாலையில் பூட்டைப் போடும் இந்தக் கைகள்தான்!

இந்தக் கைகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அவசரத்துக்கு வட்டியில்லாமல் வாங்கிக் கொடுக்கும் பணத்தை நாங்கள் கைமாற்று என்போம். எங்கள் ஊழியர்கள் பணத்தை அல்ல, நேரத்தைக் கைமாற்றினார்கள். வெள்ளி நண்பகல் மஹ்றூப் நானா பள்ளிவாசலுக்குப் போவார், மரியநேசன் அண்ணை பார்த்துக்கொள்வார். ஞாயிறு மேலதிக வேலை என்றால் அண்ணை பூசைக்குப் போவார், நானா பார்த்துக்கொள்வார். நாகேஸ்வரி அக்காவுக்கு வயலில் விதைப்பு என்றால் இவர்களில் ஒருவர் நூலகத்தில் போய் இருப்பார். படிவம் இல்லை. காலைத் தேநீரோடு ஒரு வார்த்தை. "இண்டைக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் தாரும்." "ஓம், போயிற்று வாரும்." அவ்வளவுதான். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள்.

எல்லோரும் கொடுத்தார்களா? பொய் சொல்ல மாட்டேன். மூன்று மணித்தியாலம் வாங்கி முக்கால் மணித்தியாலம் திருப்பியவர்களும் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம். ஆனால் வாசலில் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் நால்வரில் ஒருவர் இப்போது தொப்பியைக் கீழே இழுத்துவிடுகிறார்.

இப்படிப்பட்ட ஓரிருவருக்காக இந்த வருடம் தை மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. இனி வாய்ப்பேச்சில் மாற்றம் செல்லாது. மூன்று நாட்களுக்கு முன் படிவம், பிரிவுத் தலைவரின் ஒப்பம், பதிலாளின் ஒப்பம், பதிலாள் நாள் முழுவதும் கடமையில் இருக்க வேண்டும். ஒழுங்குதானே? ஒழுங்குதான். இறுக்கிப் பூட்டிய ஆணியும் ஒழுங்குதான். ஆனால் சுழல வேண்டிய சில்லுக்கும் அதே இறுக்கத்தைக் கொடுத்தால் சில்லு சுழலுமா?

ஓகஸ்ட் பதினைந்து வந்தது. மடு மாதாவின் திருவிழா. போர்நிறுத்தத்தால் வீதி திறந்து, சனம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பெருகிப் போன திருவிழா. கத்தோலிக்கர் மட்டுமா போனார்கள்? இந்த மண்டபத்தில் திருநீறு பூசிய நெற்றிகளில் பாதி அங்கே நின்றதை நான் அறிவேன். மரியநேசன் அண்ணை மூன்று நாட்களுக்கு முன் அல்ல, இரண்டு கிழமைக்கு முன்பே படிவம் கொடுத்தார். பதிலாள், மஹ்றூப். ஒப்பம் எல்லாம் இருந்தது. ஆனால் அந்தப் பதினைந்தாந் திகதி என்ன கிழமை? வெள்ளிக்கிழமை! நண்பகலில் பதிலாள் தொழுகைக்குப் போவார். நாள் முழுவதும் கடமையில் இருக்க மாட்டார். படிவம் திரும்பி வந்தது.

மாதா ஒருபக்கம், சுற்றறிக்கை மறுபக்கம். மனிதன் என்ன செய்வான்? அண்ணைக்குக் காய்ச்சல் வந்தது.

சிரிக்காதீர்கள். அன்றைக்குக் காய்ச்சல் வந்தது அவருக்கு மட்டுமா? ஒரே நாளில் ஒன்பது பேருக்கு! கடிதம் எழுதிக் கொடுத்த வைத்தியர் வளாகத்தில் கொள்ளைநோய் என்று நினைத்திருப்பார். மற்ற எட்டுப் பேரும் தப்பிவிட்டார்கள். அண்ணை ஏன் அகப்பட்டார்? யாராவது காட்டிக் கொடுத்தார்களா? இல்லை. அவரே போய் அகப்பட்டார்.

மடுக் கோயில் வெளியில், அந்தச் சனக் கடலுக்குள், வெயிலில் தனியே நின்ற ஓர் அம்மாவை அவர் கண்டார். யார்? முறைப்படி விடுப்பு எடுத்து வந்த எங்கள் உதவிப் பதிவாளர்! காய்ச்சல்காரன் என்ன செய்ய வேண்டும்? மரத்துக்குப் பின்னால் ஒளிய வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டும். ஆனால் தெரிந்த மனிசரைக் கோயில் வெளியில் கண்டும் காணாததுபோல் போக எங்கள் ஆட்களுக்கு வருமா? நேரே போனார்.

"வணக்கம் அம்மா! தனியவோ நிக்கிறியள்?"

"தங்கச்சி தண்ணி எடுக்கப் போனவள் மரியநேசன். சனத்துக்குள்ளை காணேல்லை."

"வெயிலுக்கை நிக்காதேங்கோ அம்மா. இந்த நிழலிலை இருங்கோ. நான் எடுத்தாறன்."

வரிசையில் நின்று தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். அம்மா குடித்தா. அம்மா, நான் சொல்வதில் பிழை இருக்கிறதா? இல்லை என்று தலையசைக்கிறா. நேர்மையானவா. அந்த நேர்மைதான் அடுத்த சிக்கல். திங்கட்கிழமை காலையில் மருத்துவ விடுப்புக் கடிதம் யாருடைய மேசைக்குப் போனது? அதே அம்மாவின் மேசைக்கு!

"மரியநேசன், வெள்ளிக்கிழமை உமக்குக் காய்ச்சலோ?"

"ஓம் அம்மா."

"எங்கை காய்ச்சல்?"

"மடுவிலை, அம்மா."

நல்லாய்ச் சிரியுங்கள். அண்ணையே சிரிக்கிறார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையின் மறுபக்கம் சிரிப்பல்ல. அன்று பிற்பகல் ஒரு மணிக்கு இரண்டாம் வருட மாணவருக்குச் செய்முறைப் பரீட்சை. யாழ்ப்பாணத்திலிருந்து பரீட்சகர் விடிய முன் புறப்பட்டு, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, வேர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். குசினிக் கதவு பூட்டு! மஹ்றூப் நானா விதிப்படி திறப்பைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் நாகேஸ்வரி அக்கா இருந்தா. போய்த் திறப்பைக் கேட்டா. காவலாளி என்ன சொன்னார்?

"உங்கட பேர் இந்தப் பட்டியலிலை இல்லை அக்கா. தந்தா எனக்குத்தான் விசாரணை."

அவரும் விதிப்படிதான். நானா விதிப்படி, காவலாளி விதிப்படி, அக்கா விதிப்படி. அத்தனை பேரும் விதிப்படி நடந்தார்கள், பரீட்சை நடக்கவில்லை! நானா வந்து திறந்து, கரைசல் தயாராகும்போது பொழுது போய்விட்டது. ஓமந்தை மூட முன் போக வேண்டும் என்று பரீட்சகர் பஸ் ஏறினார். பிள்ளைகள் வாசற்படலையடியில் நின்றார்கள். இந்தக் குற்றமும் இப்போது மரியநேசன் அண்ணையின் தலையில்.

அவர் பொய் சொன்னாரா? ஓம், சொன்னார். நான் மறைக்கவில்லை. ஆனால் கேட்கிறேன்: உண்மையை எழுதிக் கொடுத்தபோது திருப்பி அனுப்பினோமே, பொய்யை எழுதும்படி அவரிடம் பேனையைக் கொடுத்தவர்கள் யார்? ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் பிந்தாத மனிதரை ஒரு நாள் காய்ச்சல்காரராக்கியது எது? சோம்பலா? சூதா? சம்பளமா? இல்லை. "நீ சொல்வதை நம்ப மாட்டோம்" என்று சொன்ன ஒரு தாள்!

யோகலிங்கம் அண்ணை துண்டைக் காட்டுகிறார். ஐந்து நிமிடம். போதும்.

செப்ரெம்பரில் கலாநிதி பிரியந்தினி ஒரு பரிசோதனை செய்தா. முதல்வரிடம் வாய்மொழியில் அனுமதி வாங்கி, தன் ஆய்வுகூடத்துக்கு மட்டும் பழைய கைமாற்றைத் திறந்துவிட்டா. ஒரே ஒரு நிபந்தனை. கதவின் உட்புறத்தில் ஒரு கரும்பலகைத் துண்டு. யாருக்குப் பதில் யார் என்று இருவரும் தம் கையால் எழுத வேண்டும். காவலாளி பலகையைப் பார்த்துத் திறப்பைக் கொடுக்கலாம். பலகையை அறைந்தவன் நான். பார்த்துக்கொண்டும் இருந்தேன், அது என் தொழில்.

என்ன நடந்தது? காலை எட்டுக்குத் திறக்கும் கதவு ஏழரைக்குத் திறந்தது. யாரும் சொல்லவில்லை. கேட்டால் நானா சொல்கிறார், "பின்னேரம் நேசன் எனக்காக நிண்டவன், காலமை நான் வரத்தானே வேணும்." நாகேஸ்வரி அக்கா வடிநீர்க் கருவியை இயக்கப் பழகினா. இப்போது அதை எனக்கே தொட விடமாட்டா. செய்முறை வகுப்பு ஒன்றுகூடப் பிந்தித் தொடங்கவில்லை. மருத்துவ விடுப்பு? அந்த மாதம் அந்த வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை! மருந்து கொடுத்தோமா? இல்லை, மரியாதை கொடுத்தோம்.

அந்தப் பரீட்சகர் மறுபடியும் வந்தார். போன தடவை பூட்டுக்கு முன் நின்றவர், இம்முறை குசினிக்குள் நுழைந்தார். அளவிகள் பளபளவென்று வரிசையில். கரைசல்கள் பெயரொட்டி, திகதி எழுதி. மரியநேசன் அண்ணை வெள்ளை மேலங்கியோடு வாசலில். பரீட்சகர் சுற்றிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்:

"புது ஆக்களை எடுத்திட்டியளோ?"

"இல்லை சேர், அதே ஆக்கள்தான்."

அதே ஆக்கள்! அதே குசினி! அதே சம்பளம்! அதே மின்வெட்டு, அதே கூரை ஒழுக்கு, அதே ஒற்றைக் கதிரை! மாறியது என்ன, அவையோரே? மனிதரா? மாறவில்லை. சுவரா? மாறவில்லை. அவர்களுடைய வேலை அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது, அதுதான் மாறியது! தன் வார்த்தைக்கு மதிப்பிருக்கும் இடத்தில் மனிதன் தன் வேலையைத் தானே காவல் காப்பான். தன்னைச் சந்தேகிக்கும் இடத்தில் அவன் கடிகாரத்தைத்தான் காவல் காப்பான். தொழில் திருப்தி என்று நீட்டி எழுதுகிறோமே, அது இதுதான். செயலாற்றல் என்று அறிக்கையில் தேடுகிறோமே, அது அந்த ஏழரை மணிக் கதவுதான்!

ஆகவே முதல்வர் அவர்களே, இந்த மேடையில் வைத்தே கேட்கிறேன். இரண்டு கிழமையில் றமழான் நோன்பு தொடங்குகிறது. மழை விழுந்துவிட்டது, விதைப்பும் தொடங்குகிறது. மற்ற நான்கு வீடுகளுக்கும் இந்தப் பலகையைத் தாருங்கள். திங்கட்கிழமை மரியநேசன் அண்ணையை விசாரிக்காதீர்கள். விசாரிப்பதானால் அந்தச் சுற்றறிக்கையையும் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தி விசாரியுங்கள்!

அமராவதி அம்மா ஒலிவாங்கியைக் கேட்கிறா. தாருங்கள், தாருங்கள்.

(திருமதி அமராவதி: "பொய்க் காய்ச்சலுக்கு நான் அண்டைக்கும் கையெழுத்து வைக்கேல்லை, இண்டைக்கும் வைக்க மாட்டன். கேதீசன் எவ்வளவு கத்தினாலும் சரி. ஆனா அந்த ஒரு நாளைச் சம்பளமில்லாத விடுப்பா மாத்தித் தரச்சொல்லி, உண்மைக் காரணத்தை எழுதி மரியநேசன் தந்தா, முதல்வரும் சம்மதிச்சா, பிறகு விசாரிக்கிறதுக்கு என்ன இருக்கு?")

(முதல்வர்: "எனக்குச் சம்மதம். மரியநேசன், எழுதித் தாறியளோ?")

(மரியநேசன், எழுந்து: "ஓம் சேர். இப்பவே எழுதுறன். ஆரெண்டாலும் ஒரு பேனை தாங்கோ.")

(முதல்வர்: "அப்ப விசாரணை இல்லை. நியமனம் தன்ர பாட்டிலை வரும். மற்ற எட்டுக் காய்ச்சல்காரரும் எழுதித் தரலாம். பலகை நோன்பு முடியுமட்டும் எல்லா வீட்டுக்கும். பொறுப்பு கேதீசன். பிழைச்சா சுற்றறிக்கை திரும்ப வரும், சொல்லிப்போட்டன்.")

கேட்டீர்கள்தானே? இப்போது தட்டலாம், தட்டுங்கள்! மஹ்றூப் நானா, அண்ணையைக் கட்டிப் பிடித்தது போதும், அவரை எழுத விடுங்கள்.

பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. ஆகவே அழகான முடிவுரை வேண்டாம். நான் அடுத்துச் செய்யப் போவதைச் சொல்கிறேன், பிழை விட்டால் என்னைப் பிடியுங்கள்.

1. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன் மற்ற நான்கு வீட்டுக் கதவுகளிலும் பலகை அறைவேன். ஆணி என்னிடம் உண்டு. சுத்தியல் கொண்டு வருபவர் வாருங்கள்.

2. பலகையில் பெயர் இருந்தால் திறப்பைக் கொடுக்கலாம் என்று முதல்வரின் கையெழுத்தோடு காவலாளிக்கு ஒரு வரி வாங்கிக் கொடுப்பேன். இனி அவர் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

3. நோன்புக்கு முன் ஒரு மாலை மஹ்றூப் நானாவோடும் மற்ற முஸ்லிம் ஊழியரோடும் இருந்து, நோன்பு திறக்கும் நேரத்தில் எந்த வீட்டுக்கு யார் என்று பேசி முடிப்பேன். விதைப்புக்குப் போகிறவர்களும் அன்றே வாருங்கள்.

4. வாங்கிய நேரத்தைத் திருப்பிக் கொடுக்காதவரை நிருவாகத்திடம் சொல்ல மாட்டேன். முகத்துக்கு நேரே, எல்லோருக்கும் முன்னால் சொல்வேன். அது விசாரணையைவிட மோசமாக இருக்கும்.

5. இந்த இடத்தில் நிறுத்துவேன். குறுக்கிடாமல் கேட்டவர்களுக்கும், குறுக்கிட்டுப் பேச்சுக்கு உயிர் தந்தவர்களுக்கும், கோபப்படாமல் பதில் சொன்ன அம்மாவுக்கும், ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் நெஞ்சை ஆற வைத்த முதல்வருக்கும் நன்றி. வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், இயேசுவுக்குப் புகழ். நெஞ்சு நிறைந்து எழும்புங்கள். தேநீர் ஊற்றியாயிற்று.